கத்துது... கேட்குதா?

நீங்கள் நாற்பதைத் தாண்டியவரா? அப்படியானால் சின்ன வயதில் பேரிங் வண்டி ஓட்டியிருப்பீர்கள். ஒரு பலகை, அடியில் இரண்டு கட்டை, லாரி பட்டறையில் கெஞ்சிக் கூத்தாடி வாங்கி வந்த மூன்று பழைய பேரிங். இறக்கமான தார் ரோட்டில் விட்டால் தெருவே அதிரும். மத்தியானத் தூக்கம் கலைந்த தாத்தாக்கள் திண்ணையிலிருந்து எழுந்து வந்து திட்டுவார்கள்.

அந்தச் சத்தத்தில் பாதி, இரும்பு ரோட்டில் உரசியதால் வந்தது. மீதிப் பாதி? பட்டறைக்காரர் சும்மா தூக்கிக் கொடுத்த பேரிங் அல்லவா! உள்ளே குண்டுகள் ஓடும் பாதை தேய்ந்து, குழி விழுந்து, ‘இனி உதவாது’ என்று கழற்றிப் போட்டது. ஆக, செத்த பேரிங் எப்படிக் கத்தும் என்பது நம்மில் பலருக்குப் பத்து வயதிலேயே பாடம். அதற்குப் பிறகு எப்போது செவிடானோம் என்பதுதான் என் கேள்வி.

வீட்டுக்குள்ளேயே பாருங்கள். சீலிங் ஃபேன் ‘கர்ர்... கர்ர்...’ என்று ஆறு மாதமாக முனகுகிறது. வாஷிங் மெஷின் துணி பிழியும்போது மீனம்பாக்கத்தில் விமானம் கிளம்புகிறது. விருந்தாளி திடுக்கிட்டுப் பார்த்தால் நாம் சொல்லும் பதில் ஒன்றுதான்: ‘‘அது அப்படித்தாங்க சத்தம் போடும்.’’ இதை தேசிய வாக்கியமாகவே அறிவித்துவிடலாம். ரூபாய் நோட்டில் இடம் இருந்தால் அச்சடிக்கலாம்.

வீட்டில் இந்தச் செவிட்டுத்தனத்துக்கு விலை ஒரு ஃபேன். ஆனால், கத்தி பொருத்திய கனத்த இரும்புத் தட்டு ஒன்று நிமிடத்துக்கு ஆயிரம் முறை சுற்றுகிற மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டு ஒருவர் அதே வாக்கியத்தைச் சொன்னால்?

திருவண்ணாமலையிலிருந்து வேலூர் ரோட்டில் கிளம்பினால் ஊர் முடிவதற்குள் வேங்கிக்கால் வந்துவிடும். 1989-ல் வட ஆற்காட்டைப் பிரித்து உண்டாக்கிய மாவட்டத்தின் கலெக்டர் ஆபீஸ் இருப்பது இங்கேதான். பௌர்ணமிக்கு 14 கிலோமீட்டர் கிரிவலம் நடக்க வருகிறவர்களுக்குத் தெரிந்த திருவண்ணாமலை வேறு. கையில் மனுவோடு பஸ் ஏறுகிறவர்களுக்குத் தெரிந்த திருவண்ணாமலை, வேங்கிக்கால். அங்கே ஒரு பட்டறை வாசலில் வாய் பிளந்து கிடந்தது ஒரு சிப்பர் மெஷின்.

சிப்பர் என்றால், மரக்கிளைகளை விழுங்கித் தூளாகத் துப்புகிற இயந்திரம். புயல் அடித்தால் எல்லோருக்கும் ஞாபகம் வருவது அதுதான். 2016 டிசம்பர் 12-ல் வர்தா சென்னையின் மரங்களைச் சாய்த்தபோது, வெட்டிய கிளைகளை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று ஊரே முழித்தது. 2018 நவம்பர் 16-ல் கஜா, டெல்டாவின் தென்னந்தோப்புகளை வரிசையாகப் படுக்க வைத்தது. 2024-ல் ஃபெஞ்சல் கொண்டுவந்த மழை, டிசம்பர் 1-ம் தேதி திருவண்ணாமலை மலைச்சரிவையே இறக்கி ஏழு உயிர்களைக் குடித்தது. புயல் இல்லாத நாட்களிலும் சிப்பருக்கு வேலை உண்டு. சவுக்கு நுனி, தென்னை மட்டை, மின்கம்பிக்குக் கீழே கழித்துப் போட்ட வேப்பங்கிளை என்று எதையாவது தின்றுகொண்டே இருக்கும்.

உள்ளே இருக்கும் சமாசாரம் சிக்கலானது இல்லை. ஒரு கனத்த இரும்புத் தட்டு. ஃப்ளைவீல் என்பார்கள். அதன் முகத்தில் இரண்டோ நாலோ கத்திகள். முதுகில் துடுப்புகள், தூளை விசிறி அடித்து வெளியே தள்ள. இன்ஜின் இதைப் பெல்ட் போட்டுச் சுற்றும். கிளையை வெட்டுவது இன்ஜினின் பலம் மட்டும் இல்லை. சுற்றுகிற தட்டு சேர்த்து வைத்திருக்கும் வேகம். எதிரே அசையாமல் ஒரு கத்தி காத்திருக்கும். சுற்றுகிற கத்திக்கும் அசையாத கத்திக்கும் நடுவே இடைவெளி ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். அந்தத் தட்டின் மொத்தக் கனத்தையும் தாங்கி, அந்த இடைவெளியையும் காப்பாற்றுவது ஷாஃப்ட்டின் மேல் உட்கார்ந்திருக்கும் இரண்டே இரண்டு பேரிங். பேரிங் தேய்ந்தால் தட்டு ஆடும். தட்டு ஆடினால் கத்தி கத்தியை முட்டும். அந்த வேகத்தில் இரும்பும் இரும்பும் முட்டினால் என்ன ஆகும் என்பது பி.காம். படித்த எனக்கே புரிகிறது.

வேங்கிக்காலில் கிடந்த மெஷினில் அதுதான் நடந்திருந்தது. ஒரு கத்தியின் முனை பிய்த்துக்கொண்டு போயிருந்தது. உள் தகட்டில் உழவு ஓட்டினாற்போலக் கோடு. ஓட்டுகிற தம்பி ஓரமாக டீ கிளாஸோடு உட்கார்ந்திருந்தார். விரல் பத்தும் இருந்தன. அவர் மேல் ஒரு கீறலும் இல்லாதது, அந்தத் துண்டு எந்தப் பக்கம் பறந்தது என்பதைப் பொறுத்த அதிர்ஷ்டம்.

‘‘சொன்னேன் சார். மூணு வாட்டி சொன்னேன். ‘ஓடுதில்ல, ஓட்டு’ன்னாரு’’ என்றார். சொன்னவர் மெஷினின் முதலாளி. வேறு ஊரில் இருக்கிறார். வாடகைக் கணக்கு போனிலேயே நடக்கிறது. உடைந்த கத்தியின் விலையைத் தம்பியின் சம்பளத்தில் பிடிப்பதாகவும் போனிலேயே சொல்லிவிட்டாராம்.

பட்டறை மேஸ்திரி பேரிங்கைக் கழற்றி என் கையில் கொடுத்தார். வெளி வளையத்தைப் பிடித்துக்கொண்டு உள் வளையத்தை ஆட்டினால், கிழவர் பல் மாதிரி ஆடுகிறது. ‘‘ஒரு மாசமாச்சும் கத்திக்கினு இருந்திருக்குது சார். இது திடீர்னு சாவுற சாமான் இல்ல’’ என்றார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, மேஸ்திரி சொன்னதை முழுசாகச் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் சிப்பர் இருக்காது. ஆனால் தீவனம் நறுக்கும் மெஷினோ, தண்ணீர் மோட்டாரோ, மாவு மில்லோ வைத்திருக்கும் மாமா ஒருவராவது இருப்பார். பேரிங் எல்லாவற்றிலும் ஒன்றுதான்.

முதல் வேலை, ஸ்பானரை எடுப்பது இல்லை. ஓட்டுகிறவரிடம் கேட்பது. சத்தம் எப்போது வருகிறது? கிளையை உள்ளே விடும்போது மட்டும் உதறினால், கத்தி மொக்கையாக இருக்கலாம். சும்மா சுற்றும்போதும் உறுமல் இருந்து, வேகம் கூடினால் கூடி, குறைந்தால் குறைந்தால், சந்தேகம் பேரிங் மேல். அடுத்தது, இன்ஜினை அணைத்துவிட்டுத் தள்ளி நின்று கேட்பது. கனத்த தட்டு உடனே நிற்காது. தானாகச் சுற்றிச் சுற்றி அடங்கும். ‘‘இன்ஜின் சத்தம் ஓஞ்சதும் தட்டு மட்டும் தனியா பேசும் சார். அந்த ஒரு நிமிஷம் காதைக் குடுத்தா போதும்’’ என்றார். நல்ல பேரிங் என்றால் காற்று விசிறுகிற சத்தம் மட்டும் வரும். கெட்டது என்றால், தூரத்தில் கூழாங்கல் லாரி இறங்குகிற மாதிரி ஒரு உருட்டல்.

முழுசாக நின்ற பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும். சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டு, பேட்டரி வயரைக் கழற்றி, பெல்ட்டையும் எடுத்துவிட வேண்டும். கத்தி கையில் படாமல் தட்டை மெல்ல உருட்டினால், மணல் அரைபடுகிற மாதிரி நறநறக்கிறதா என்று கையே சொல்லும். பிறகு ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்துக் கடப்பாரையால் தட்டை லேசாக மேலே நெம்பிப் பார்க்க வேண்டும். நல்ல நிலையில் இருந்தால் அசைவு கைக்கே தெரியாது. ‘டக் டக்’ என்று தட்டினால் கதை முடிந்தது. மேலும் கீழும் ஆடுகிறதா, ஷாஃப்ட் நீளத்துக்கு முன்னும் பின்னும் ஆடுகிறதா என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும். முன்னும் பின்னும் ஆடுவதுதான் ரொம்ப ஆபத்து, ஏனென்றால் எதிர்க் கத்தியை நோக்கித் தட்டு நகர்வது அந்தத் திசையில்தான். மேஸ்திரியிடம் டயல் கேஜும் இருந்தது. ‘‘கை சொன்னதை இது எழுதிக் குடுக்கும், அவ்ளோதான்’’ என்றார்.

அப்புறம் சூடு. அரை மணி நேரம் ஓட்டி நிறுத்திய உடனே இரண்டு பேரிங் வீட்டிலும் கை வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்று வெதுவெதுப்பாகவும் இன்னொன்று கையை வைத்திருக்க முடியாமலும் இருந்தால், யார் நோயாளி என்று கேட்க வேண்டியது இல்லை. (கொரோனா காலத்தில் நெற்றியில் நீட்டினார்களே, அந்தத் துப்பாக்கியை வைத்து அளக்கலாமே என்று கேட்டேன். அது மனிதக் காய்ச்சலுக்கு மேல் அளக்கத் தெரியாத கருவியாம். பட்டறைக்கு வேறு உண்டு.)

கடைசியாக கிரீஸ். பழைய கிரீஸைத் துளி எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். பால் கலந்தாற்போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. கருகி நாறினால் சூட்டில் வெந்திருக்கிறது. வெயிலில் காட்டினால் ஜிகினா மாதிரி மின்னினால், அது பேரிங்கின் சொந்தச் சதை. தம்பி கிரீஸே வைக்கவில்லை என்பது முதலாளியின் கட்சி. மேஸ்திரி திறந்து காட்டியபோது உள்ளே கிரீஸ் பிதுங்கி வழிந்தது. சத்தம் வரும்போதெல்லாம் பயத்தில் கூடுதலாக அடித்திருக்கிறார். அளவுக்கு மேல் அடித்த கிரீஸ் கடைந்த மோர் மாதிரி உள்ளேயே சுற்றிச் சுற்றிச் சூடேறும். ஓரத்து சீலையும் பிதுக்கிவிடும். பசிக்கு அழுகிற குழந்தைக்கும் வயிற்று வலிக்கு அழுகிற குழந்தைக்கும் ஒரே புட்டிப்பாலா?

பேரிங் மேல் பழி போடுவதும் சுலபம்தான். கத்திகளில் ஒன்றை மட்டும் தீட்டி எடை குறைந்துபோனாலும் மெஷின் உதறும். ஈரத் தழை அரைபட்டுத் தட்டின் ஒரு பக்கம் அப்பிக்கொண்டாலும் உதறும். பேரிங் வீட்டை ஃபிரேமோடு பிடிக்கும் போல்ட் லூஸானாலும் உதறும். இதில் எதையும் பார்க்காமல் எடுத்த எடுப்பில் ‘பேரிங் போச்சு’ என்று சொல்லி, மாற்றிக் காசு வாங்கிக்கொண்டு, அதே உதறலோடு திருப்பி அனுப்புகிற பட்டறைகளுக்கும் நம் ஊரில் பஞ்சம் இல்லை. அதைவிடப் பெரிய பாவம் ஒன்று உண்டு. புது பேரிங்கை ஷாஃப்ட்டில் ஏற்றும்போது வெளி வளையத்தில் சுத்தியலால் அடிப்பது. அடி முழுக்க குண்டுகள் வழியாக இறங்கி, ஓடுபாதையில் அன்றைக்கே குழி விழுந்துவிடும். பிறந்த அன்றே குழந்தையின் மண்டையில் குட்டி அனுப்புகிறார்கள். மூன்று மாதத்தில் திரும்பி வந்தால் ‘‘கம்பெனி மால் இப்பல்லாம் சரியில்ல சார்.’’

சரி, இத்தனை தெரிந்த மேஸ்திரி வேங்கிக்காலில் இருக்கிறார். காது உள்ள தம்பி மெஷின் பக்கத்திலேயே இருந்தார். பேரிங் விலை, அளவைப் பொறுத்துச் சில நூறிலிருந்து ஆயிரத்துச் சொச்சம். மெஷின் விலை லட்சங்களில். பிறகு ஏன் இப்படி ஆனது?

இனிமேல்தான் என் சப்ஜெக்ட்.

பி.காம். முதல் வருஷத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்: மூலதனச் செலவு வேறு, வருவாய்ச் செலவு வேறு. மெஷின் வாங்கினால் மூலதனம். அது சொத்து, பேலன்ஸ் ஷீட்டில் கம்பீரமாக உட்காரும். பேரிங், கிரீஸ், மெக்கானிக் கூலி எல்லாம் வருவாய்ச் செலவு. லாபத்தைத் தின்கிற எலி. புத்தகத்தில் இது வெறும் வகைப்பாடு. நம் ஊரில் இது சாதிப் பிரிவினை. சொத்து வாங்கும்போது மாலை, போட்டோ, ரிப்பன். எலிக்கு அடி.

அரசாங்கமும் இதே புத்தகத்தைத்தான் படித்திருக்கிறது. 2014-15-ல் மத்திய அரசு வேளாண் இயந்திரமயமாக்கலுக்கு என்றே ஒரு துணை இயக்கம் தொடங்கியது. தனி விவசாயி மெஷின் வாங்க 40 முதல் 50 சதவிகிதம் வரை மானியம் என்று வகுத்தது. நல்ல காரியம்தான். கைகூப்பி வரவேற்கிறேன். ஆனால் மானியம் மெஷின் வாங்குகிற நாளோடு முடிகிறது. மூன்றாவது வருஷம் பேரிங் உறுமும்போது, அந்த மானியத்தின் நிழல்கூட பட்டறைப் பக்கம் வராது. உள்ளாட்சிகளில் இன்னும் மோசம். ‘புதுசு வாங்க ஃபண்ட் இருக்கு, ரிப்பேருக்கு ஹெட் இல்ல’ என்ற வசனத்தை அரசு அலுவலகப் பக்கம் போன எவரும் கேட்டிருப்பீர்கள். சில நூறு ரூபாய்க்குக் கணக்குத் தலைப்பு இல்லாததால் லட்ச ரூபாய் துருப்பிடிப்பதை நீங்கள் எந்த அரசு வளாகத்தின் பின்புறத்திலும் பார்க்கலாம். புல் முளைத்திருக்கும், மேலே ஒரு ஓணான் உட்கார்ந்திருக்கும்.

தேய்மானம் என்று ஒரு கணக்கு உண்டே, அது எதற்கு என்று கேட்பீர்கள். தேய்மானக் கணக்கு மெஷின் வருஷா வருஷம் இத்தனை சதவிகிதம் சாகும் என்று எழுதி வைக்கும். எங்கே சாகிறது, ஏன் சாகிறது என்று அதற்குத் தெரியாது. ஆடிட்டர் மெஷினைத் தொட்டுப் பார்த்து எழுதுவது இல்லை. பேனாவுக்குத் தெரிந்த தேய்மானம் வேறு, பேரிங்குக்குத் தெரிந்த தேய்மானம் வேறு.

‘எந்த பேரிங் எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும்? எல்லாம் தலையெழுத்து’ என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பேரிங் செய்கிறவர்களே இந்தத் தலையெழுத்தைக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். ஒரே மாதிரி நூறு பேரிங்கை ஒரே பளுவில் ஓட்டினால், அதில் 90 எத்தனை சுற்று வரை தாக்குப்பிடிக்குமோ, அதைத்தான் அதன் ஆயுள் என்று அச்சடிக்கிறார்கள். மீதி 10 முன்கூட்டியே போகும் என்று அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். ஆகவே காலண்டரைப் பார்த்து மட்டும் மாற்ற முடியாது, காதால் கேட்டே ஆக வேண்டும். இன்னொரு கணக்கும் உண்டு. குண்டு பேரிங்கின் மேல் பளுவை இரண்டு மடங்காக்கினால் ஆயுள் பாதியாகாது, எட்டில் ஒரு பங்காகும். மொக்கைக் கத்தியோடு, கைத்தடி கனத்துக்குச் செய்த மெஷினில் தொடை கனத்துக் கிளையைத் திணித்து ‘ஓட்டு, ஓட்டு’ என்கிற முதலாளி, எட்டு வருஷ ஆயுளை ஒரு வருஷத்தில் வாடகைக்கு விட்டுவிடுகிறார். இது தலையெழுத்தா, கையெழுத்தா?

இந்த பேரிங் உலகத்தின் பெரிய பெயர் ஒன்று எங்கிருந்து வந்தது தெரியுமா? ஸ்வீடனில், யோத்தபோரி என்ற ஊரின் துணி மில்லில் மெஷின்களைப் பராமரிக்கிற வேலை பார்த்தவர் ஸ்வென் விங்க்விஸ்ட். மில் நின்றது களிமண் தரை. தரை அசைய அசைய, நீண்ட ஷாஃப்ட்டுகள் கோணிக்கொண்டு பேரிங்குகள் ஓயாமல் செத்தன. மில் நின்று நின்று ஓடியது. ஷாஃப்ட் கொஞ்சம் சாய்ந்தாலும் தானே சரிசெய்துகொள்ளும் ஒரு பேரிங்கை அவர் 1907-ல் செய்தார். எஸ்.கே.எஃப். கம்பெனி பிறந்தது அப்படித்தான். மெஷினுக்குப் பக்கத்தில் இருந்து அதன் நோவைக் கேட்ட பராமரிப்பு ஆளின் சொல்லுக்கு அங்கே ஒரு மரியாதை இருந்தது. நம் தம்பி மூன்று முறை சொன்னதற்குக் கிடைத்தது சம்பளப் பிடித்தம்.

நமக்கு மட்டும் அந்தப் புத்தி கிடையாதா? திருவண்ணாமலையிலேயே இருக்கிறது. கார்த்திகை தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் தேரோட்டத்துக்குப் போயிருக்கிறீர்களா? ஆயிரக்கணக்கானவர்கள் வடம் பிடிக்கிறார்கள். அந்த மலை மாதிரி தேரை நிறுத்துவது யார்? சக்கரத்துக்குப் பக்கத்தில் முட்டுக்கட்டையோடு நடக்கிறார்களே, அவர்கள்தான். சக்கரம் எந்தப் பக்கம் இழுக்கிறது, எங்கே திமிறுகிறது என்பது அவர்கள் கண்ணுக்குத்தான் தெரியும். கட்டையைப் போட்டால் மந்திரியே வடத்தில் கை வைத்திருந்தாலும் தேர் நிற்கும். ‘ஓடுதில்ல, இழு’ என்று யாரும் சொல்வது இல்லை. அதுமட்டும் இல்லை, தேர் கிளம்புவதற்கு முன் பொதுப்பணித் துறை என்ஜினீயர்கள் பார்த்து உறுதிச் சான்று கொடுக்க வேண்டும். வருஷத்துக்கு ஒரு நாள் ஓடும் சக்கரத்துக்கு இத்தனை. தினம் எட்டு மணி நேரம் ஓடும் சக்கரத்துக்கு, ‘அது அப்படித்தாங்க சத்தம் போடும்’.

சக்கரத்துக்குப் பக்கத்தில் இருப்பவனுக்கு நிறுத்துகிற உரிமை. இவ்வளவுதான் நான் கேட்பது. சிப்பர் ஓட்டுகிறவரிடம் அது இல்லை. கேட்கிற காது அவரிடம், அணைக்கிற அதிகாரம் நூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு செல்போனில். நடுவில் கத்தி சுற்றிக்கொண்டிருக்கிறது.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. கதிரடிக்கும் மெஷினில் கை போனவர்கள் கதை பார்லிமென்ட் வரை போய், 1983-ல் ஆபத்தான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. அதில் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருப்பது கதிரடிக்கும் மெஷினைத்தான். மற்ற மெஷின்களை மத்திய அரசு அறிவிக்கை போட்டுச் சேர்த்துக்கொள்ளலாம் என்று வாசலைத் திறந்து வைத்திருக்கிறார்கள். வாசல் திறந்திருந்து என்ன? கை போன பிறகு கோப்பு நகரும். கை போவதற்கு ஒரு மாதம் முன்பு பேரிங் கத்துவதைப் பதிவு செய்ய எந்தச் சட்டத்திலும் படிவம் இல்லை.

‘எங்க மெஷினை நாங்க சாமியாட்டம் கும்பிடுறோம்’ என்று ஒரு குரல் வரும். தெரியும். ஆயுத பூஜைக்கு முதல் நாள் வேங்கிக்காலில் மட்டும் இல்லை, தமிழ்நாடு முழுக்க வாட்டர் சர்வீஸ் கடைகளில் வரிசை நிற்கும். பொட்டு வைப்பதில் எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை. எலுமிச்சம்பழம் சக்கரத்தில் நசுங்கட்டும், பொரி கடலையில் எனக்கும் ஒரு பங்கு வையுங்கள். ஆனால் அழுக்கு போக வேண்டும் என்று அந்த பிரஷர் பைப்பை நேராக பேரிங் வீட்டுக்குக் குறிவைத்து அடிக்கிறார்களே, அந்தத் தண்ணீர் சீலைத் தாண்டி உள்ளே போகிறது. மேலே சந்தனம், உள்ளே துரு. மேஸ்திரி சிரித்துக்கொண்டே சொன்னார்: ‘‘பூஜை முடிஞ்சி ஒரு மாசத்துல எனக்கு சீசன் சார்.’’

கலெக்டர் ஆபீஸ் அதே வேங்கிக்காலில் இருப்பதால் மனு ஒன்றை இங்கேயே எழுதிவிடுகிறேன். மானியத்தில் கொடுக்கிற, டெண்டரில் வாங்குகிற ஒவ்வொரு சுற்றும் மெஷினோடும் இரண்டு உபரி பேரிங்கும் ஒரு கிரீஸ் கன்னும் சேர்த்து வாங்குங்கள். மெஷின் விலையில் அது தூசு. பேரிங்கின் எண்ணை மெஷின் மேலேயே பெயின்ட்டில் எழுதச் சொல்லுங்கள். அந்த எண் ஒன்றும் ரகசிய மொழி இல்லை. 6308 என்றால் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்குங்கள், 40 மில்லிமீட்டர் ஷாஃப்ட். 04-லிருந்து மேலே எல்லாவற்றுக்கும் இதே வாய்ப்பாடு. நாலாம் வகுப்புப் பையன் போடுவான். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுத்து, ஓட்டுகிறவரை தினம் மூன்று விஷயம் எழுதச் சொல்லுங்கள்: சத்தம், சூடு, ஆட்டம். அந்த நோட்டில் ‘சத்தம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால், மெக்கானிக் பார்த்து எதிர்க் கையெழுத்துப் போடும்வரை மெஷின் ஓடக்கூடாது. அதுவரைக்குமான கூலியைப் பிடிக்கக்கூடாது. கடைசி வரியை மட்டும் தடித்த எழுத்தில் அடிக்கவும்.

தனியார் முதலாளிகளுக்கு மனு எழுதிப் பயன் இல்லை. அவர்களுக்கு வாடிக்கையாளர் சொன்னால்தான் காது கேட்கும். வாடிக்கையாளர் நீங்கள்தான். மழைக்காலம் வருகிறது, உங்கள் தெரு வாகைமரக் கிளையைக் கழிக்க, தோப்பு மட்டையைத் தூளாக்க, வாடகைக்கு ஒரு சிப்பர் வரும். வேலை முடிந்து இன்ஜினை அணைத்ததும் உடனே பணத்தை எடுத்து நீட்டாதீர்கள். பத்தடி தள்ளி நின்று, தட்டு சுற்றி அடங்கும்வரை கேளுங்கள். கூழாங்கல் உருளுகிற சத்தம் வந்தால், முதலாளிக்கு நீங்களே போன் போட்டு, பேரிங் மாற்றாமல் நாளைக்கு மிச்ச வேலைக்கு இந்த மெஷின் வரக்கூடாது என்று சொல்லுங்கள். ஓட்டுகிற தம்பி பெயரை மட்டும் இழுக்காதீர்கள். அவரிடம் தனியாக, ‘‘எத்தனை நாளா தம்பி இப்படிக் கத்துது?’’ என்று கேட்டுப் பாருங்கள். தேதியோடு சொல்வார்.